அளவு நோட்டில் இருந்த இரண்டு வரி

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் இன்னொருத்தி வீட்டு விஷயமும் இருக்கிறது. அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

2022 சித்திரையில் வந்து ஒன்றரை லட்சம் கேட்டாள். வீட்டுக்காரர் ஆற்றோரத்து வயலைக் குத்தகைக்குப் பிடித்து ஏத்தன் வாழை போடப் போகிறார், கன்றுக்கும் கூலிக்கும் வேண்டும் என்றாள். என் மகளை நர்சிங் சேர்க்க வேண்டும் என்று சீட்டு போட்டு எடுத்த பணம் பேங்கில் இருந்தது. மகள் அப்போது பத்தாவதுதான், இரண்டு வருடம் கிடக்கிறதே என்று நினைத்தேன். ஒரு லட்சத்தைக் கணக்கில் அனுப்பினேன், ஐம்பதாயிரத்தை ரொக்கமாகக் கையில் கொடுத்தேன். எழுதி வாங்கவில்லை. அவளிடம் போய் எழுதி வாங்குவதா என்று இருந்தது.

முதல் வெட்டில் நல்ல விலை கிடைத்தது என்று ஊரில் பேச்சு. பணம் வரவில்லை, மறுபடியும் நடவுக்குப் போட்டுவிட்டார்கள். 2023 தீபாவளிக்கு முந்தின வாரம் ஜாக்கெட் தைக்க வந்தவள் பத்தாயிரம் கொண்டுவந்தாள். அளவு எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். “இரு, நானே எழுதிருதேன், நாளப்பின்ன மறந்துரக் கூடாது பாத்துக்கோ” என்று நோட்டை வாங்கி, கை நீளம், கழுத்து இறக்கம் எல்லாம் எழுதியிருந்த பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுதினாள். ‘உன்னிடம் வாங்கிய 1,50,000-ல் 10,000 கொடுத்துள்ளேன். மீதி 1,40,000 தை மாதம் வாழை வெட்டியதும் தருகிறேன்.’ கீழே கையெழுத்து, 5.11.2023 என்று தேதி. அவள் மனசு சுத்தமாக எழுதிய வரி அது. அன்றைக்கு அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி வயலுக்குள் ஏறி, தார் தள்ளி நின்ற வாழை மொத்தமும் போயிற்று. நானே போய்ப் பார்த்தேன். வரப்பு தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் சேறும் மணலும். வீட்டு வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவளிடம் பணத்தைப் பற்றி என்ன பேச? சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த ஆறு மாதம் வாய் திறக்கவில்லை.

2024-ல் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். என் ஏழு பவுன் சங்கிலியை அடகு வைத்துத்தான் காலேஜில் ஃபீஸ் கட்டினேன். அதன் பிறகே கேட்க ஆரம்பித்தேன். முதலில் “அடுத்த மாசம் தாரேன்டி”. பிறகு போனை எடுப்பதில்லை. 2025 பங்குனியில் அவள் மகன் புது பைக்கில் என் கடையைத் தாண்டிப் போனான். அன்று சாயங்காலம் வீட்டுக்கே போனேன். அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று, “எந்த ரூவா? என்ன ஆதாரம் இருக்கு?” என்றார்.

திரும்பி நடந்து வரும்போது யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டே வந்தேன். கொடுத்தவள் நான், ஆனால் ஏதோ தப்பு செய்தவள் மாதிரி தலை குனிந்து வந்தேன். இப்படிக் கூச்சத்திலேயே எனக்கு மூன்று வருடம் போயிருக்கிறது. கொடுத்த காசைக் கேட்பதில் என்ன அசிங்கம் என்று வெளியிலிருந்து சொல்லிவிடலாம். சின்ன ஊரில், ஒரே கோயில் கொடைக்குப் போகிறவர்களுக்கு அது அவ்வளவு லேசு இல்லை.

என் கொழுந்தன், வசூல் பண்ணித் தர ஆள் இருக்கிறது, பத்தில் இரண்டு பங்கு கொடுத்தால் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் தீக்குளித்ததே, அந்தப் பிள்ளைகள் இரண்டும் இன்றும் என் கண்ணில் நிற்கிறார்கள். நான் வட்டிக்குக் கொடுத்தவள் இல்லைதான். ஆனாலும் கடனுக்காக ஒரு வீட்டு வாசலில் ஆளை அனுப்பி நிறுத்துவது என்னால் ஆகாது. போலீஸில் கேட்டதற்கு, கொடுக்கல் வாங்கல் சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கம்மா என்றார்கள்.

2025 ஜூனில், துணி தைக்க வரும் டீச்சர் ஒருவர்தான் வழி சொன்னார். அம்பாசமுத்திரம் கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள் என்றார். 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறதாம். இத்தனை வருடம் அந்த வாசல் வழியாக பாபநாசம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், தெரியாது. கடையைப் பூட்டிவிட்டு பாஸ்புக், ஆதார், போன் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்குக் கொடுத்த வக்கீலம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கேட்ட முதல் கேள்வியே, “பணம் எந்தத் தேதியில கொடுத்தீங்கக்கா?” சொன்னேன். விரல் விட்டு எண்ணியவர் முகம் வாடியது. கைமாற்றுக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதுவும் நாம் கேட்ட தேதியிலிருந்து இல்லை, கொடுத்த தேதியிலிருந்து. ஏப்ரலோடு முடிந்துவிட்டது. எனக்குக் கை கால் விட்டுப்போயிற்று.

“நடுவில் எதாவது திருப்பிக் கொடுத்தாங்களா? எழுத்து எதாவது இருக்கா?”

அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுபோனேன். சாக்பீஸ் தூளும் நூலும் ஒட்டிய பழைய நோட்டு. அந்தப் பக்கத்தை வக்கீலம்மா இரண்டு தடவை படித்தார். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும் என்று சொன்னார். ஆக 2026 நவம்பர் வரை எனக்கு நேரம் இருந்தது. அதோடு, ரொக்கமாகக் கொடுத்த ஐம்பதாயிரத்துக்கு வேறு எந்தத் தடயமும் கிடையாது. ‘1,50,000’ என்று அவளே எழுதியதால் அதுவும் நின்றது. பக்கத்தைக் கிழிக்காதீர்கள், நோட்டை முழுசாகவே பத்திரமாக வையுங்கள் என்றார். போனில் உள்ள வாய்ஸ் மெசேஜ்களையும் அழிக்கக் கூடாது, போனையும் மாற்றக் கூடாது. அவர்கள் வீட்டு முன்னால் போய்ச் சத்தம் போடுவது, ஸ்டேட்டஸில் போடுவது எல்லாம் கூடவே கூடாது, நம் மேலேயே புகார் வரும் என்றும் சொல்லிவிட்டார்.

புரோநோட்டு, அதாவது கடன் வாங்கியவர் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிற சீட்டு பற்றியும் அன்றுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டைக் கோர்ட்டில் ஆதாரமாக எடுக்க மாட்டார்கள். அதற்கும் மூன்று வருடம்தான், நடுவில் பணம் வந்தால் பின்பக்கத்தில் கடன் வாங்கியவர் கையாலேயே வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். செக் வாங்கி அது திரும்பினால் போடுகிற புகாருக்குக் கெடு இன்னும் குறைவு. பணமில்லை என்று பேங்க் திருப்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும், அது கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் போட வேண்டும்.

ஜூலையில் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போயிற்று. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கிய கார்டு திரும்பி வந்தது, பதில் வரவில்லை. வழக்குப் போட்டால் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், நாளும் இழுக்கும். அதற்கு முன்னால் மக்கள் நீதிமன்றத்துக்கு மனு கொடுத்துப் பார்ப்போம், காசு கிடையாது என்றார் வக்கீலம்மா. ஆனால் மனு கொடுத்ததாலேயே மூன்று வருடக் கெடு நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள் என்று அப்போதே எச்சரித்தார். எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டால்தான் அங்கே தீர்ப்பு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்குத்தான்.

முதல் தேதிக்கு அவர்கள் வரவில்லை. அக்டோபரில் இரண்டாவது தேதிக்கு இருவரும் வந்தார்கள். ஒரு மேஜை, அந்தப் பக்கம் நீதிபதியும் இன்னொருவரும். நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்து, “இது உங்க எழுத்தாம்மா?” என்று நீதிபதி கேட்டார். வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆமாய்யா, நான் எழுதினதுதான்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏழு மாதமாக நான் ஏங்கியது அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று அப்போது தெரிந்தது.

வட்டி வேண்டாம் என்று நானாகச் சொன்னேன். வெள்ளத்தில் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றே 20,000, பிறகு மாதம் பத்தாம் தேதிக்குள் 10,000 வீதம் பன்னிரண்டு தவணை, என் பேங்க் கணக்கில் மட்டும். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டும் என்றும் சேர்த்து எழுதினார்கள். இதைக் கேட்டு எழுத வைத்தது வக்கீலம்மா. நீங்கள் போனாலும் இதை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். இது சிவில் கோர்ட் டிக்ரிக்கு, அதாவது வழக்கு நடத்தி வாங்கும் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்டாவிட்டால் புதிதாக வழக்குப் போட வேண்டாம், இதை வைத்தே பணத்தை வசூலித்துத் தரக் கேட்டு நேராக நிறைவேற்று மனு போடலாம்.

மூன்றாம் தவணை இருபது நாள் தள்ளிப்போனது. வக்கீலம்மாவுக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருந்தேன், மாதக் கடைசியில் பணம் ஏறியது. இதுவரை ஐந்து தவணை வந்திருக்கிறது. சங்கிலியை மீட்க இன்னும் கொஞ்சம் வேண்டும்.

அவளும் நானும் பேசுவதில்லை. ஒவ்வொரு தவணை வந்ததும் ‘வந்துட்டு’ என்று ஒரு மெசேஜ் அனுப்புகிறேன். பார்த்ததற்கு நீல டிக் விழும், அவ்வளவுதான். போன மாதம் மட்டும், ‘மவ நல்லா படிக்காளாட்டி?’ என்று கேட்டிருந்தாள். நல்லா படிக்கா என்று எழுதினேன்.