ஒரு சூப்பர் ஃபாமிகாம் வந்து சேர்ந்த கதை

மே 4

இன்று பணம் கட்டிவிட்டேன். ஜப்பானில் ஒருவர் பயன்படுத்திய சூப்பர் ஃபாமிகாம். கன்ட்ரோலர் இரண்டு, கேசட் மூன்று. 1990 நவம்பரில் நின்டெண்டோ அங்கே வெளியிட்ட கன்சோல் இது, அதாவது டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டி. ஜப்பானைத் தாண்டி எங்கேயும் வராத ஆட்டங்கள் இதற்கு நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து கன்சோல் வரவழைப்பது சட்டப்படி சரிதானா என்று கேட்டால், நண்பர்களில் பாதிப் பேர் "அது கள்ளக்கடத்தல்" என்கிறார்கள். மீதிப் பேர் "சொந்த உபயோகத்துக்குத்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்கிறார்கள். இரண்டும் தப்பு என்று படிக்கப் படிக்கத் தெரிகிறது.

மே 6

ஒரு பொருளைத் தயாரித்தவரே ஒருமுறை விற்றுவிட்டால், அதன்பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதில் அவர் தலையிட முடியாது. அடிப்படை இவ்வளவுதான். வேறொரு நாட்டில் விற்றதும் இந்தக் கணக்கில் சேருமா என்பதில்தான் சிக்கல். உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 6ஆம் பிரிவில் அந்த முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. அதனால் ஊருக்கு ஒரு நியாயம். ஐரோப்பிய நீதிமன்றம் 1998இல், மூக்குக்கண்ணாடி வழக்கு ஒன்றில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே விற்ற சரக்கு உள்ளே வந்தால் வணிகமுத்திரைக்காரர் தடுக்கலாம் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2013இல், வெளிநாட்டில் வாங்கிய பாடப்புத்தகங்களை அமெரிக்காவில் மறுபடி விற்கலாம் என்றது.

கன்சோல்களுக்கே நடந்த வழக்கு லிக்-சாங்குடையது. ஹாங்காங்கிலிருந்து இயங்கிய இணையக் கடை. சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி ஜப்பானில் 2004 டிசம்பரில் வந்தது. ஐரோப்பாவுக்கு 2005 செப்டம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஐரோப்பியர்களுக்கு ஜப்பான் பிஎஸ்பியை விற்றதற்காக சோனி லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வென்றது. 2006 அக்டோபரில் கடையையே மூடிவிட்டார்கள். விற்றது போலிச் சரக்கு அல்ல, சோனியே செய்த அசல் சரக்கு. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு கடைமேல்தான் நடந்தது. இந்தச் சட்டங்கள் வியாபாரத்தைத்தான் குறி வைக்கின்றன. வீட்டில் வைத்து ஆட ஒன்று வாங்குகிறவருக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் சுங்கம்தான்.

மே 9

விற்பவரிடமிருந்து செய்தி. "பரிசு என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடட்டுமா?" உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். வேண்டாம், கொடுத்த விலையை அப்படியே எழுதுங்கள், பயன்படுத்தியது என்றும் குறிப்பிடுங்கள் என்று பதில் அனுப்பினேன். சட்டப்படி வரக்கூடிய பொருளைச் சட்டவிரோதமாக மாற்றுவது இந்த ஒரு வரிதான். விலையைப் பொய்யாகக் காட்டினால் அபராதம் வரலாம், பொருளே பறிபோகலாம். பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும்.

மே 17

பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. விலைக்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

மே 18

நண்பனின் அண்ணன் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கிறார்; சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவர். போன் செய்தேன். "பயப்படாதே தம்பி, இன்வாய்ஸும் பணம் கட்டிய ரசீதும் இருக்கா? அனுப்பிவிடு" என்றார். "பொருளின் பெயரை என்ன எழுதியிருக்கிறார்கள், பார்" என்றும் கேட்டார். பார்த்தால் 'மின்னணுப் பொருள்' என்று மட்டும் இருந்தது. "அதுதான் காரணம். 9504.50 என்று ஒரு எண் உண்டு, வீடியோ கேம் கன்சோலுக்கு. உலகம் முழுக்க இதே எண்தான். அதைச் சேர்த்து எழுதிக் கொடு."

அப்புறம் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். சில நாடுகளில் பழைய மின்னணுப் பொருளுக்குத் தனி அனுமதி வேண்டுமாம். புதிய கன்சோல்களில் வைஃபை, புளூடூத் இருப்பதால் வானொலி அலைச் சான்று கேட்கும் நாடுகளும் உண்டு. கையடக்கக் கன்சோல் என்றால் லித்தியம் பேட்டரி; விமானத்தில் ஏற்றுவதற்கே தனி விதி. என் பெட்டியில் இது எதுவும் இல்லை. "சீனாவில் 2000இல் கன்சோல் விற்பனைக்கே தடை போட்டார்கள் தெரியுமா? நாடு முழுக்க அது விலக 2015 ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் நீ அங்கே இருந்திருந்தால் நான் என்ன பண்ணியிருப்பேன்!" என்றார்.

மே 23

தீர்வை கட்டி, பெட்டி கைக்கு வந்தது. வரி கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பெட்டியைப் பிரிக்கும்போது மனதில் ஒரு உறுத்தலும் இல்லை.

ஜப்பான் செய்தித்தாளைக் கசக்கிச் சுற்றியிருந்தார்கள். வெளிர் சாம்பல் நிற உடம்பு வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. கன்ட்ரோலரில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு பொத்தான்கள். அதிகம் அழுத்தியதில் மஞ்சள் பொத்தான் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பிள்ளையின் கட்டைவிரல் அங்கேயே கிடந்திருக்கிறது.

உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. அடாப்டரின் அடியில் இருப்பதைப் படித்தேன்: உள்ளே 100 வோல்ட், வெளியே 10 வோல்ட். 220, 230 வோல்ட் வரும் நாட்டில் நேராகச் செருகினால் கருகிப்போகும். மின்மாற்றி வரட்டும்.

மே 25

அமெரிக்கக் கேசட்டும் ஓடும்படி மாற்றித் தருகிறேன் என்று நண்பன் ஒருவன் சொன்னான். அமெரிக்கக் கேசட் அகலமானது, இதன் வாயில் நுழையாது. கன்சோலை மாற்றுவது தனிச் சட்டப் பிரச்சினையும்கூட: பிளேஸ்டேஷனின் பூட்டை மீறி வேறு நாட்டு ஆட்டங்களையும் ஓடவைக்கும் மாட்சிப் என்ற சில்லை விற்றவருக்குச் சாதகமாக 2005இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதன்பின் அங்கே சட்டத்தையே திருத்திவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜப்பான் கேசட்டுகளுக்காகத்தானே வாங்கினேன்.

மே 27

மின்மாற்றி வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கேசட்டில் யாரோ சேமித்து வைத்த ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர், நான்கே எழுத்து. அதை அழிக்காமல் அடுத்த இடத்தில் என் ஆட்டத்தைத் தொடங்கினேன். தீர்வை ரசீதை மடித்து, கன்சோல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.