என்ஜினுக்கும் ஒரு பங்கு

கடலில் பிடித்த பெரிய மீன்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தூண்டில் தடி பிடித்தவர் நடுவில் நிற்பார். மீன் அவருக்குப் பக்கத்தில் தொங்கும். படகோட்டி தெரிந்தால் அரைத் தோள் தெரியும், அவ்வளவுதான். நான் முல்லைத்தீவில் படகு என்ஜின் திருத்துகிறவன்; ஆகவே இந்த விடயத்தில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. அந்த மீனைப் பிடித்ததில் பாதிக்கு மேல் என்ஜின் பிடித்தவரின் கைவேலை என்பது என் வாதம். பங்குனியில் அத்தானோடு ஆழக்கடலுக்குப் போய்வந்த பிறகு அது இன்னும் இறுகிவிட்டது.

அத்தான் ரொறன்ரோவில் இருக்கிறார். அக்காவும் அவரும் வந்து இறங்கியபோது பயணப்பொதிகளோடு ஆளுயரக் குழாய் ஒன்றும் வந்தது. உள்ளே தடி. அதற்கான றீல் தனிப்பெட்டியில், பட்டுத்துணி சுற்றி. சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு வாங்கிய சப்பாத்துகளை இதற்காக அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று அக்கா வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் முறையிட்டார்.

அவருக்கு இந்தப் பித்துப் பிடித்தது கனடாவின் பிரின்ஸ் எட்வேட் தீவில். அங்கே காசு கொடுத்துப் படகில் போய் நீலச்செட்டைச் சூரை பிடிப்பார்கள். பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே விட்டுவிடுவார்கள். 1979இல் நோவா ஸ்கோஷியாவில் ஒருவர் தூண்டிலில் எடுத்த 679 கிலோ சூரைதான் அந்த இனத்தில் இன்றுவரை உலக சாதனை. அதைவிடப் பெரியது 1953இல் பெருநாட்டின் கபோ பிளாங்கோவில் பிடிபட்ட, ஈட்டிபோல அலகு நீண்ட கறுப்பு மார்லின்: 1,560 இறாத்தல், ஏறக்குறைய 707 கிலோ. இதையெல்லாம் அத்தான் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து சித்தப்பாவுக்குச் சொன்னார். சித்தப்பா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அதற்கு எவ்வளவு ஐஸ் போட்டார்கள், மருமகன்?”

அத்தானிடம் பதில் இல்லை.

சித்தப்பாவின் படகு 23 அடி பைபர் படகு. வலைக்குப் போகிற படகுதானே ஒழிய விளையாட்டு மீன்பிடிக்குச் செய்ததல்ல. மிரிஸ்ஸ, நீர்கொழும்பு, திருகோணமலைப் பக்கம் வெள்ளைக்காரரை ஏற்றிப் போகும் படகுகளில் மீனோடு போராடச் சுழல் கதிரை இருக்கும். இரண்டு பக்கமும் கொம்புபோல நீளத் தடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும் இரைகள் ஒன்றோடொன்று சிக்காமல் அகல விரிவது அந்தத் தடிகளால். எங்களிடம் கமுகஞ்சலாகை இருந்தது. பக்கத்துக்கு ஒன்று கட்டி, நுனியில் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றைப் பூட்டி, தூண்டில் நூலான தங்கூசியை அதில் கவ்வ வைத்தேன். மீன் அடித்தால் கிளிப் விட்டுவிடும், தங்கூசி நேரே தடிக்கு வரும். அத்தான் அதைப் படம் எடுத்தார். கேலிக்கா பெருமைக்கா என்று நான் கேட்கவில்லை. கதிரைக்குப் பதில் பலகைத் தட்டும் இடுப்புப் பெல்ற்றும்.

எனக்குக் கவலை என்ஜினைப் பற்றித்தான். எங்கள் கரையில் பெரும்பாலும் மண்ணெண்ணெய் என்ஜின். பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்துமுன் மறுபடியும் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட்டுக் காபரேற்றரைக் கழுவுவோம். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவானபோது இந்தக் கரையில் எத்தனை படகு கவிழ்த்து வைக்கப்பட்டது என்று கேட்டால் என் பட்டறை சொல்லும்: திருத்த யாரும் வரவில்லை. அது வேறு கதை. மார்லினுக்கு இரை இழுக்கும் வேகம் மணிக்கு 6 முதல் 9 கடல்மைல். 40 குதிரைவலு என்ஜினுக்கு அது சோம்பல் வேகம். அந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. பிளக்கில் கரி படிந்து ஒரு சிலிண்டர் இருமத் தொடங்கும். நான் புதுப் பிளக்குகளும் பெற்றோல் கான் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். துணைக்குச் சின்ன என்ஜின் ஒன்றும் ஏறியது. தென்மேற்குக் காற்றான சோழகம் தொடங்கவில்லைதான், என்றாலும் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் என்ஜின் நின்றால் படகு வங்காள விரிகுடாவுக்குள் போய்விடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புறப்படுமுன் றீலின் பிறேக்கைச் சரிபார்த்தோம். தங்கூசி 80 இறாத்தல் தாங்கும், கிலோவில் 36. பிறேக்கை அதன் கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் வைக்க வேண்டும் என்றார் அத்தான். ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்து, 10 கிலோவில் தங்கூசி வழுகத் தொடங்கும்படி முறுக்கினோம். இழுக்கிற மீனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாத தங்கூசி அறுந்துபோகும். சித்தப்பா இதையே வாழ்நாள் முழுக்க உள்ளங்கையால் செய்தவர். தராசைப் பார்த்துச் சிரித்தார்.

நிலம் வெளுக்கும்போது வெளிக்கிட்டோம். முதலில் தென்னைகள் மறைந்தன. பனைகள் கொஞ்சநேரம் நின்று பிறகு அவையும் மறைந்தன. திருகோணமலையில் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. எங்களுக்கு ஆழம் அவ்வளவு கிட்ட இல்லை, அதனால் ஓட்டம் நீளம், எண்ணெய்ச் செலவும் கூட. போர்க்காலத்தில் என்ஜினின் குதிரைவலுவுக்கும் போகும் தூரத்துக்கும் தடை இருந்தது. அந்த வருடங்களில் இந்த நீலத் தண்ணீரைச் சித்தப்பா பார்க்கவே இல்லை. அதைப் பற்றி அவர் பேசுவதும் இல்லை.

பச்சைத் தண்ணீர் கறுநீலமாக மாறும் இடத்தில் பாசியும் நுரையும் ஒரே கோடாக மிதந்தன. கோட்டுக்கு அப்பால் ஆலாக்கள். உயரத்தில் சுற்றும் ஆலா தேடுகிறது. தாழ்ந்து குத்தும் ஆலா கண்டுவிட்டது. அத்தான் “நேரே விடுங்கள், நேரே விடுங்கள்” என்று எழும்பி நின்றார். சித்தப்பா நேரே விடவில்லை. கூட்டத்துக்கு நடுவால் படகு போனால் மீன் தாழ்ந்துவிடும். ஓரமாக வளைந்து, இரையாக இழுத்த றப்பர் கணவாய்கள் மட்டும் கூட்டத்தின் முன்னால் குறுக்கே போகும்படி திருப்பினார். வளைவின் நடுவில் இடப்பக்கக் கிளிப் ‘டக்’ என்றது. றீல் கதறியது.

மஞ்சள் செட்டைச் சூரை. மேலே பாயாது, நேரே கீழே இறங்கும். தடி படகின் விளிம்பில் முட்டும் அளவுக்கு வளைந்துவிட்டது. அத்தானின் முழங்கால் இரண்டும் பலகையில். இருபது நிமிடத்தில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. சித்தப்பா என்னைப் பார்த்து, “நீ கொஞ்சம் பிடி” என்றார்.

“தொடாதே!” என்று அத்தான் கத்தினார். 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீன் கடித்த பிறகு வேறொருவர் தடியைத் தொட்டால் அந்தப் பிடி செல்லாது. படகை எப்படி ஓட்டினாலும் பிழையில்லை, தடியைத்தான் தொடக்கூடாது. மூச்சிரைக்க இரைக்க இதை விளக்கினார். சித்தப்பாவுக்கு விளங்கவில்லை. கரைவலையை ஊரே நின்று இழுக்கிறது, மீன் யாருடையது என்பது பங்கு பிரிக்கும்போது தெரியும் என்பது அவர் அறிந்த விதி.

ஆனால் விதி விட்ட ஓட்டைக்குள் அவர் புகுந்துவிட்டார். தங்கூசி நெட்டுக்குத்தாக நின்றவரைக்கும் அத்தான் மீனின் முழுப் பாரத்தையும் தூக்க வேண்டியிருந்தது. சித்தப்பா கியரைப் போட்டு, அங்குலம் அங்குலமாகப் படகை முன்னே நகர்த்தினார். தங்கூசி சரியத் தொடங்கியது. சரிந்ததும் கீழே தலையைக் கவிழ்த்து நின்ற சூரையின் முகம் மேல்நோக்கித் திரும்பியது. திரும்பிய பக்கம் அதுவாகவே நீந்தியது. பிறகு சித்தப்பா படகைப் பின்னுக்கு எடுத்து, “சுற்றுங்கள் மருமகன்” என்றார். மறுபடியும் முன்னே. மறுபடியும் பின்னே. ஒவ்வொரு தடவையும் றீலில் நாலைந்து சுற்று ஏறியது. கடைசியில் சூரை வட்டமடிக்கத் தொடங்கியது. வட்டத்தில் அது விலகும்போது பிடித்துக்கொண்டு, நெருங்கும்போது சுற்ற வேண்டும். கொக்கித்தடியைத் தலையில் போட்டது நான். அது விதிக்கு உட்பட்டதாம்.

படகுக்குள் விழுந்ததும் அதன் வால் பலகையில் அடித்த சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. முதுகின் பின்பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னச் செட்டைகள் தூய மஞ்சள், ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை. இரத்தம் விட மார்புச் செட்டைக்குப் பின்னால் கத்தியை இறக்கினேன். விரலில் பட்ட சதை கடல்நீரைவிடச் சூடாக இருந்தது. சூரையின் உடலில் குளிர்ந்த இரத்தம் போகும் குழாயும் சூடான இரத்தம் வரும் குழாயும் ஒட்டி ஒட்டி ஓடுவதால் தசையில் பிறந்த சூடு செவுள்வழி வெளியேறாமல் உள்ளேயே சுற்றுகிறது. என் பார்வையில் அது தண்ணீரால் ஆறாத என்ஜின். வேகம் அதனால்தான். கேடும் அதனால்தான்: நெடுநேரம் போராடிய சூரையை உடனே இரத்தம் விட்டு, குடல் எடுத்து, ஐஸில் வைக்காவிட்டால் சதை வெந்ததுபோல் வெளிறும். வெயிலில் கிடந்தால் ஹிஸ்ரமின் ஊறும். அதன் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாக்கு எரிந்து, முகம் சிவந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கறி கெட்டதற்கு அக்காமார் மிளகாய்த்தூளைத் திட்டுவது வீண்.

மீன் ஐஸ் பெட்டியை விட நீளம். வால் வெளியே நிற்க, மூடியைச் சாக்குப் போட்டுக் கட்டினோம். பிட்டும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். அத்தானுக்கு விரல் மடியவில்லை, கரண்டி கேட்டார்.

கொப்பரா வந்தது அதற்குப் பிறகு. மார்லினை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வோம். அருகில் இழுபட்ட இரையின் பின்னால் முதலில் ஒரு நிழல், பிறகு முதுகுச்செட்டை, பிறகு உடம்பு முழுக்க எரிகிற நீலக் கோடுகள். வேட்டை வெறி வந்தால் மார்லினுக்கு அப்படி நிறம் ஏறும். அலகால் இரையை இரண்டு முறை வீசி அடித்தது, கவ்வவில்லை. அத்தான் “மெதுவாக, மெதுவாக” என்று கெஞ்சினார். சித்தப்பா வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஓடித் தப்புகிற இரையைத்தான் துரத்துகிறவன் விடமாட்டான். கவ்வியது.

சூரை கீழே போன கணக்குக்கு இது வெளியே போனது. பாய்ந்தது, விழுந்தது, வாலில் நின்றது. தங்கூசி ஒரு பக்கம் போக மீன் வேறு பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. நடுவே தண்ணீரில் பெரிய வளைவாகத் தொய்ந்த தங்கூசியின் பாரமே அதை அறுத்துவிடும். அந்த நேரம் பார்த்து என்ஜின் இருமியது. நான் பெற்றோல் குழாயை மாற்றினேன்; இரண்டு இருமலோடு குரல் தெளிந்தது. சித்தப்பா மீனைத் துரத்தவில்லை, தங்கூசி தண்ணீருக்குள் இறங்கும் இடத்தைத் துரத்தினார். அத்தான் சுற்றியபடியே இருந்தார். அரைமணிக்குள் அது படகின் பக்கத்தில் கிடந்தது.

மார்புச் செட்டை உடம்போடு மடிந்திருந்ததால் நீல மார்லின் என்றார் அத்தான். கறுப்பு மார்லினுக்கு அது மடியாது. சின்னதுதான், ஆணாக இருக்கலாம். இந்த இனத்தில் ராட்சதங்கள் எல்லாம் பெண். ஆண்கள் 160 கிலோவைத் தாண்டுவது அரிது. எங்கள் விடுவலைகளில் கொப்பரா படுவது புதிதல்ல. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2018இல் மார்லின்களுக்குப் பிடி எல்லை வகுத்ததைச் சொல்லி, விட்டுவிடலாம் என்று வாதாட அத்தான் வாயைத் திறந்தார். சித்தப்பா அலகைப் பார்த்தார், வால் நிற்கிற ஐஸ் பெட்டியைப் பார்த்தார். “இதை எங்கே வைக்கிறது? ஐஸ் எங்கே?” என்றார். கத்தியைக் கேட்டு வாங்கித் தூண்டிலுக்குக் கிட்ட வைத்து அவரே அறுத்தார். அறுத்தவர் உடனே விடவும் இல்லை. என்னைச் சாக்கால் அலகைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செவுளில் தண்ணீர் ஓடும்படி படகை மெல்ல நகர்த்தினார். அலகின் சொரசொரப்பில் சாக்கு கிழிந்தது. வால் தானாக ஆடத் தொடங்கியதும் என் கையை உதறிக்கொண்டு போய்விட்டது.

அது 70 கிலோ என்றார் சித்தப்பா. 100 என்றார் அத்தான். வட்ஸ்அப்பில் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தபோது 150.

சூரை, மீன் வாங்கும் வாடியின் தராசில் 43 கிலோ. எங்கள் கரையில் பங்கு பிரிக்கும்போது ஆட்களுக்கு மட்டுமல்ல, படகுக்கு ஒரு பங்கு, என்ஜினுக்கு ஒரு பங்கு. தலையும் வயிற்றுப் பக்கமும் வீட்டுக்கு வர, மீதியை விற்று எண்ணெய்க் காசைக் கழித்தபோது மிஞ்சியது சொற்பம். தடிக்குப் பங்கு உண்டா என்று அத்தான் கேட்டார். சித்தப்பா யோசித்துப் பார்த்து, இல்லை என்றார்.

முல்லைத்தீவில் இதையே தொழிலாக நடத்தலாமா என்று இப்போது இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நடத்தலாம், மண்ணெண்ணெய் என்ஜினில் மட்டும் வேண்டாம். நான்கு அடிப்பு பெற்றோல் என்ஜின் இரண்டு, ஆளுக்கு ஒரு மிதப்பு அங்கி, வானொலித் தொடர்பு, தாராளமாக ஐஸ். பிறகு சித்தப்பாவைப் போல ஒருவர். அவரை விலைக்கு எடுப்பதுதான் கஷ்டம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியும்வரை எதற்கும் நாள் தரமாட்டார்.

மறுநாள் பிளக்குகளைக் கழற்றினேன். இரண்டுமே கன்னங்கரேல், ஒன்றின் முனையில் கரி பாலம் போட்டிருந்தது. புதிது போட்டேன். காசை அத்தானிடம் கேட்க மனம் வரவில்லை. அக்காவிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.