கோல்ட்பெர்க்கின் கேள்விகள் லயத்துக்கு வரும்போது

ஆளுமையின் 'ஐந்து பெரும் பண்புகள்' என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, 1981இல் அந்தப் பெயரை வைத்தவர் லூயிஸ் கோல்ட்பெர்க். 1932இல் சிகாகோவில் பிறந்தவர், ஒரேகனில் ஆய்வு செய்தவர். மக்கள் ஒருவரையொருவர் வர்ணிக்கும் குணச்சொற்களைத் திரட்டி, எவை சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டார். அதைவிடப் பெரிய காரியமாக நான் மதிப்பது வேறொன்று. ஆளுமை வினாத்தாள்கள் காசுக்கு விற்கப்பட்ட காலத்தில், 1990களில் தன் வினாக்களைப் பொதுச்சொத்தாக்கினார். மொழிபெயர்க்க அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பதுளையிலோ இருந்து ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கொடை!

ஆனால் அவருடைய 50 வினாத் தாளை அப்படியே தமிழாக்கி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுபோனால் சறுக்கும். 'நேர ஒழுங்குப்படி நடப்பேன்' என்பது ஐந்து பண்புகளில் ஒன்றான பொறுப்புணர்வை அளக்கும் வினா. வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேரே, அதாவது அந்த நாள் சம்பளமே, போய்விடும் என்ற இடத்தில், நேரத்தை வகுப்பது தோட்டம். 1 (துளியும் பொருந்தாது) முதல் 5 (முழுக்கப் பொருந்தும்) வரை பதில் கேட்டால் எல்லோரும் 5 சொல்வார்கள். எல்லோரும் 5 சொன்ன வினா ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைக் காட்டாது. 'சாமான்களை அங்கங்கே போட்டுவிடுவேன்' என்பதும் அப்படித்தான்: ஒரே காம்பிராவில் (அறையில்) ஆறேழு பேர் இருக்கும்போது அது இடநெருக்கடியைத்தான் அளக்கும். 'தொடங்கின வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன்' என்று கேட்டால் வித்தியாசம் தெரியும்.

எதிர்மறை வினாக்கள் இன்னும் சிக்கல். 'நான் அதிகம் பேசமாட்டேன், சரியா?' என்று கேட்டால், 'ஆமா, பேசமாட்டேன்' என்பார் ஒருவர். 'இல்ல, பேசமாட்டேன்' என்பார் இன்னொருவர். இரண்டும் ஒரே பதில், தாளில் 5, 1 என்று எதிரெதிராக விழும். 'நான் அமைதியான ஆள்' என்று நேராக எழுதுங்கள். அதற்காக, பண்புக்கு எதிர்ப்புறமாகக் கேட்கும் தலைகீழ் வினாக்களை விட்டுவிடக் கூடாது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவரைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். புள்ளியிடும்போது அவற்றின் பதிலை 6இலிருந்து கழித்தால் போதும்.

வாய்மொழியாகக் கேட்கும்போது கங்காணி, நலன்புரி அலுவலர் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால் எல்லோருமே உழைப்பாளியாகவும் சாந்தசொரூபியாகவும் ஆகிவிடுவார்கள்.

பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்கள் 632 பேரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வில் பதில்கள் ஐந்து பண்புகளாக ஒழுங்காகப் பிரியவில்லை. நம் மலைகளிலும் பிரியும் என்று முன்கூட்டியே எண்ண வேண்டாம். முதலில் பத்துப் பதினைந்து பேரிடம் ஒவ்வொரு வினாவையும் வாசித்துக்காட்டி, 'இதுல என்ன கேக்குறாங்கன்னு நினைக்கிறீங்க?' என்று அவர்கள் சொல்லிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.