தூங்குமூஞ்சி மரத்து நிழலும் 2 மி.மீ. விளிம்பும்

கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் நிஜப் படம் மாதிரி ஆக்கித் தருவது எங்கள் வேலை; அந்தப் படம்தான் ரெண்டர். ரெண்டர் பொம்மை மாதிரி இருக்கிறது என்று பார்ட்டி சொன்னால், எங்கள் பெங்களூரு அல்சூர் ஆபீஸ் பையன்கள் உடனே கூட்டுவது சாம்பிள்ஸைத்தான், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மெஷின் வெளிச்சத்தைக் கணக்குப் போடும் தடவைகளை. மெஷின் விடிய விடிய ஓடும், புள்ளிப் புள்ளியான நாய்ஸ் போகும், பொம்மைத்தனம் அப்படியே இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது விளிம்பை. 3டி மாடல் செய்யும் சாஃப்ட்வேரான மேக்ஸில் ஒரு பெட்டி போட்டால் அதன் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். எந்த வீட்டில் அப்படி இருக்கிறது? கிச்சன் மேடை கிரானைட்டின் ஓரத்தை உருட்டித்தான் பதிப்பார்கள், கதவு ஓரத்தை ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார். ஜன்னல் வெளிச்சம் அந்த மழுங்கலில்தான் மெல்லிய கோடாகப் பிடிக்கும். ஓரத்தை 2 மி.மீ. சீவிவிட்டால் போதும், அதற்குப் பெயர் சாம்ஃபர். எல்லாச் சாமானுக்கும் போட நேரமில்லையா, மாடலைத் தொடாமலே ஓரத்தை உருண்ட மாதிரி காட்ட, ரெண்டர் சாஃப்ட்வேர்களான வீ-ரேயில் எட்ஜஸ் டெக்ஸ், கொரோனாவில் ரவுண்ட் எட்ஜஸ் இருக்கிறது.

அடுத்து சுவர் வெள்ளை. நிறத்தின் 0-255 அளவில் உச்சமான 255 என்று வைத்தால் விழுந்த வெளிச்சம் முழுவதையும் சுவர் திருப்பியடிக்கும். நல்ல வெள்ளை பெயின்டே சுமார் 80 சதவீதம்தான் திருப்பும். 255 வைத்த அறையில் மூலைகூட இருட்டாது, எல்லாம் வெளிறிப்போகும். நான் 220-ஐத் தாண்டுவதில்லை.

வெயில்தான் பெரிய விஷயம். வெளிச்சத்துக்கு டவுன்லோடு செய்த ஐரோப்பிய வானப் படத்தைப் போட்டால் சூரியன் சாய்ந்து, நிழல் தரையில் நீளமாகப் படுத்துக் கிடக்கும். பெங்களூரு நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரிதான் வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் லேசாக வடக்கிலிருந்து விழும்.

"அண்ணா, வடக்குச் சுவர்ல எப்படி வெயில் வரும்?" என்றான் ஓசூர்ப் பையன்.

"மே மாசம் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருடா."

பாராபெட்டுக்குக் கீழே மழை வழிந்த கறை வைத்தால் அழகாக இருக்கும். ஆனால் புது வீட்டில் கறை போட்டால் எந்த பில்டரும் காசு தரமாட்டார். அதனால் காம்பவுண்டு சுவரின் அடியில் மட்டும் லேசாகப் போடுவேன்.

அப்புறம் மரம். ரெடிமேட் மாடல் லைப்ரரியில் இருக்கும் மேப்பிளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இந்த ஊர்த் தெருவுக்குத் தூங்குமூஞ்சி மரம்தான். கிளை வீட்டை மறைக்கிறதே என்று பில்டர் முனகுவார். மரத்தை கேமராவுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, நிழலை மட்டும் சுவரில் விழவிடுகிறேன். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.