ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஸ்டென்ட் வைக்கும்போது

கேஸ் ஷீட்டில் ‘ஆஸ்பிரின் அலர்ஜி’ என்று எழுதியிருந்தால், நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது: அந்த மாத்திரை போட்டதும் என்ன ஆச்சு? வயிறு எரிந்தது என்றால் அது அலர்ஜியே இல்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்கியது, வீசிங் (மூச்சு இழுப்பு) வந்தது என்றால் உண்மையான ஒவ்வாமை. தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணாகியிருந்தால் அவருக்கு ஆஸ்பிரின் இனி வேண்டவே வேண்டாம்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழாய். புதிதாக வைத்த ஸ்டென்டின் கம்பி மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூடும்வரை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு. அதனால்தான் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்க ஆஸ்பிரினோடு கிளோபிடோக்ரெல் அல்லது டிக்காக்ரெலார் என்று இரண்டு மருந்து.

ஆஸ்பிரின் ஒவ்வாமைக்கு நம்பகமான தோல் பரிசோதனை கிடையாது. பெரும்பாலும் இது ஆன்டிபாடியால் வருவதும் இல்லை. காக்ஸ்-1 என்ற என்சைமை ஆஸ்பிரின் தடுக்க, வீக்கமும் மூச்சு இழுப்பும் தரும் லியூக்கோட்ரையீன் என்ற ரசாயனங்கள் பெருகுவதால் வருவது. அதனால் அதே என்சைமைத் தடுக்கும் வலி மாத்திரைகளான ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போட்டாலும் இதே கதைதான். நல்ல செய்தி என்னவென்றால், துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கிவிடலாம்.

இத்தாலியில் ரோசினி குழு வகுத்த முறை அரை நாளில் முடியும்: 1, 5, 10, 20, 40, 100 மி.கி. முதல் நான்கும் அரை மணிக்கொருமுறை. பிறகு இரண்டிரண்டு மணி இடைவெளி. மொத்தம் ஐந்தரை மணி நேரம். 100 மி.கி. கரையும் மாத்திரையை 100 மி.லி. நீரில் கலக்கினால் ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி.; ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி சிரிஞ்சில் எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் நீரில் சிதையும் என்பதால் கடைசி டோஸைப் புதிதாகக் கரைக்க வேண்டும். குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரை இதற்கு உதவாது. அது மணிக்கணக்கில் தாமதித்துக் கரையும். எந்த டோஸுக்கு எதிர்வினை வந்தது என்றே தெரியாது.

வீட்டில் செய்யும் காரியமல்ல இது; மானிட்டரோடு, இதய தீவிர சிகிச்சைப் பிரிவான சி.சி.யூ.வில்தான். ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் பி.பி., ஆக்சிஜன், தோல், மூச்சு பார்க்க வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் தொடையில் போட 0.5 மி.கி. அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நோயாளி மெட்டோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவரானால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம்; அப்போது கைகொடுக்கும் குளுக்ககான் ஊசியும் தயாராக இருக்க வேண்டும்.

ஆஸ்துமாவும் மூக்கில் பாலிப்பும் (சதை வளர்ச்சி) உள்ளவருக்கு இந்த வேகம் ஆகாது. அவருக்கு எதிர்வினை மூன்று மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்துமா கட்டுக்குள் வந்தபின், இடைவெளியை நீட்டி, ஓரிரு நாளில் முடிப்பதே சரி.

மாரடைப்போடு வந்தவருக்கு இதற்கெல்லாம் காத்திருக்க முடியாது. டிக்காக்ரெலார் 180 மி.கி. அல்லது அதே வகையான பிராசுக்ரெல் 60 மி.கி. கொடுத்து, தேவையானால் தட்டணுக்களைத் தடுக்கும் டைரோஃபிபானை நரம்பில் ஏற்றி, அடைப்பைத் திறந்துவிட வேண்டும். பழக்குவதை டிஸ்சார்ஜுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். எந்த வழியும் கைகொடுக்காவிட்டால் கிளோபிடோக்ரெலோடு, தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சிலோஸ்டசால் 100 மி.கி. இருவேளை ஒரு மாற்று. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது கூடாது.

பழக்கிய பின் தினமும் 75 முதல் 100 மி.கி. போட்டே ஆக வேண்டும். இந்தத் தாங்குதிறன் மருந்து உடம்பில் இருக்கும்வரைதான். இரண்டு மூன்று நாள் விட்டால் பழைய ஒவ்வாமை திரும்பிவிடும். பல் பிடுங்கவென்று நிறுத்தினாலும் அப்படித்தான். விட்டுப்போனவர் தானாக மறுபடி மாத்திரையைப் போடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்து 1 மி.கி.யிலிருந்து தொடங்க வேண்டும்.