செத்த மீனும் பி வேல்யூவும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புள்ளியியல் படிக்கிற பிள்ளைகள் வங்கித் தேர்வைத் தாண்டி யோசிக்க ஒரு துறை சொல்கிறேன்: மூளை ஸ்கேன் ஆராய்ச்சி.

எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் எண்ணங்களைப் படம் பிடிப்பதில்லை. நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். அதனால் சிக்னலில் வரும் ஒன்றிரண்டு சதவீத ஏற்றத்தைத்தான் அளக்கிறது. அது உச்சத்துக்கு வரவே 5, 6 விநாடி ஆகும். தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் இதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். நோயாளிகள் அதிகம் அசைந்து, மற்றவர்கள் அசையாமல் படுத்திருந்தால், கடைசியில் கிடைக்கும் 'நோயின் வேறுபாடு' வெறும் தலையாட்டலாக இருக்கலாம்.

மூளையை 3 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் சுமார் 50,000 கிடைக்கும்; ஒவ்வொன்றும் ஒரு வாக்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரு டி-டெஸ்ட், அதாவது வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை. பி வேல்யூவின் (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) வரம்பை 0.001 என்று கறாராக வைத்தாலும் 50 வாக்சல் சும்மாவே 'எரியும்', அதாவது வேலை செய்வதுபோலத் தெரியும். 2009-இல் க்ரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டியது. 8,064 வாக்சலில் 16 எரிந்தன! ஒரே நேரத்தில் பல சோதனை செய்வதற்கான திருத்தம் செய்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திருத்தத்திலும் வழுக்கும் இடம் உண்டு. பக்கத்து வாக்சல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் பான்ஃபெரோனி திருத்தம் உண்மையையும் சேர்த்துக் கொன்றுவிடும். கூட்டமாக எரிவதைக் கணக்கில் எடுக்கும் கிளஸ்டர் முறையோ, 5% இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பைச் சில அமைப்புகளில் 70% வரை கொண்டுபோகும் என்று 2016-இல் எக்லண்ட், நிக்கல்ஸ், க்னுட்சன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாக்சல்களுக்கு இடையிலான சார்பு தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்று அந்த முறை வைத்திருந்த அனுமானம் தப்பு.

தரவையே கலைத்துப் போட்டு ஒப்பிடும் பெர்முட்டேஷனை நம்பலாம். 20 பேர் என்றால், ஒவ்வொருவரின் வேறுபாட்டுப் படத்துக்கும் (இரண்டு நிலைகளின் சிக்னல் வித்தியாசம்) கூட்டல் கழித்தல் குறியைச் சீரற்று மாற்றி, மறுபடி கணக்கிட்டு, மூளை முழுவதிலும் வந்த மிகப் பெரிய டி மதிப்பைக் குறியுங்கள். இதை 5,000 முறை. அந்தப் பட்டியலின் 95-ஆம் சதமானத்தைத் தாண்டும் வாக்சல்தான் தேறும். ஒரு ஆளை 200 முறை ஸ்கேன் எடுத்தாலும், எல்லோருக்கும் பொதுவாகப் பேச சாம்பிள் அளவு என்பது ஆட்களின் எண்ணிக்கைதான்.

இன்னொரு கோளாறு: நன்றாக எரிந்த வாக்சலைப் பொறுக்கி, அதே தரவில் அது நோயோடு எவ்வளவு தொடர்புடையது என்று அளப்பது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் மேலடுக்குப் பழத்தைக் கடித்துவிட்டு லாரி முழுக்க இந்த ருசிதான் என்பதற்குச் சமம். வாக்சலைப் பொறுக்கத் தரவில் ஒரு பாதி, அளக்க மறுபாதி.

ஸ்கேன் முடிந்து 'பி வேல்யூ போட்டுக் கொடுங்க' என்று வந்தால் பாதி வேலை கைமீறியிருக்கும். காட்டும் படங்களின் வரிசை, இடைவெளி, அசைவு வரம்பு, ஆட்கள் எத்தனை என்பதெல்லாம் முன்பே முடிவாக வேண்டியவை. பழகிப் பார்க்க ஸ்கேனர் வேண்டாம்: ஓப்பன்நியூரோ இணையதளத்தில் தரவு இலவசம், எஃப்எஸ்எல் மென்பொருளின் 'ரேண்டமைஸ்' மேலே சொன்ன பெர்முட்டேஷனைச் செய்யும்.