ஆனையிறவு வாடி வீட்டுக்கு ஒரு கோவை (பைல்) திறந்த கதை

யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையிலுள்ள ஆனையிறவைக் கடக்கிற இளம் பிள்ளைகளுக்குத் தெரிவது உப்பளமும் போர் நினைவுச் சின்னமும்தான். கடனீரேரிக் கரையில் சின்னதாக ஓர் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது, பிற்காலத்தில் அதுவே பயணிகள் தங்கும் வாடி வீடாக இயங்கியது என்றால் "உண்மையாவோ?" என்று கேட்கிறார்கள். போரில் அது அழிந்துபோனது. அந்த இடத்தை மரபுரிமை இடமாகப் பதியும்படி நாங்கள் சிலர் விண்ணப்பித்தோம். வன்னியில் வேறு இடங்களுக்கு முயல்பவர்களுக்கு உதவுமென்று இதை எழுதுகிறேன்.

முதல் தலையிடி, யாரிடம் போவது என்பது. கிழக்குப் பக்கம் சுண்டிக்குளம். 1938இல் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா. ஓர் அலுவலகம் "அது பூங்காப் பக்கம்" என்றது. மற்றது "எங்கள் எல்லைக்கு வெளியே" என்றது. வாய்ப்பேச்சில் இது தீராது. இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியை நில அளவை வரைபடத்தில் குறித்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு கொண்டுபோன பிறகுதான் கோவை திறந்தார்கள்.

அப்புறம் சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டை அதற்கு முந்தியது, பிரச்சினை இல்லை. பிந்திய கட்டடம் என்றால் அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். ஆகவே எங்கள் விண்ணப்பத்தில் கோட்டை சுலபமாக நுழைந்தது, அது வாடி வீடாக இருந்த பிற்காலக் கதை வாசலிலேயே நின்றது. எனக்கோ வாடி வீடுதான் முக்கியம். கோட்டை, வன்னியிலிருந்து யானைகளையும் சனத்தையும் கடக்கவிட்டு வரி வாங்கியவனுடையது. வாடி வீட்டு விறாந்தையில் கால் நீட்டி இருந்தது எங்கள் ஆட்கள்.

ஆனால் அதற்குச் சான்று வேண்டுமே. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது, பழைய கச்சேரிக் (மாவட்ட அரச அலுவலகக்) கட்டடமும் போரில் சிதைந்தது. மிஞ்சியது கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். மாவட்டத்தை நிர்வகித்த அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் அங்கே இருக்கின்றன. பென்சிலோடு போங்கள், பேனாவுக்கு அனுமதியில்லை. நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய ஈழநாடு பத்திரிகை இதழ்களைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். கண்தான் நொந்தது.

உண்மையில் கை கொடுத்தது கல்யாண அல்பங்கள். கூரை ஓடா சீற்றா என்று, உப்பளத்தில் வேலை செய்த ஐயா ஒருவரும் முன்னாள் லொறிச் சாரதி ஒருவரும் என் முன்னாலேயே பிடுங்குப்பட்டார்கள். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் அனுப்பிய படத்தில் விடை இருந்தது: மதிலில் சாய்ந்த புதுமணத் தம்பதி, பின்னால் ஓட்டுக் கூரையின் ஒரு முனை, அதற்கும் பின்னால் வெறும் தண்ணீர். படத்தின் முதுகில் ஸ்ரூடியோ முத்திரையும் திகதியும். எங்கள் கோவையில் இதைவிடப் பெறுமதியான தாள் இல்லை என்பேன். சாரதி ஐயா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

கட்டடமே இல்லாத இடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பார்கள் என்று தெரியும். அதனால் மரபுரிமை இடங்களைப் பேணுவதற்கு அவுஸ்திரேலியர்கள் 1979இல் வகுத்த புர்ரா சாசனத்தைப் பின்பற்றினோம். அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று ஓர் இடத்தின் மதிப்பை அது பிரித்துப் பார்க்கிறது. சுவர் நிற்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. சமூக மதிப்பின் கீழ் முதியவர்களின் வாக்குமூலங்களை வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் வாங்குங்கள். பேசியவர் காலமானபின் பிள்ளைகளைத் தேடி ஒப்பம் வாங்குவது பெரும் பாடு.

இடத்தைப் பார்க்கப் போனால் தடத்தை விட்டு இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றிய பகுதி என்றாலும் எவரையும் நம்பி உப்புத்தரையில் கால் வைக்க வேண்டாம்.

இப்போதைக்குக் கோட்டை மட்டும் பிரதான விண்ணப்பமாகப் போயிருக்கிறது. வாடி வீடு இணைப்பாகப் பின்னால் கட்டப்பட்டிருக்கிறது. அந்த இணைப்பைக் கழற்றி வைத்துவிடக்கூடாது என்பதற்காக, பக்க இலக்கமிட்ட முழுப் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.